மதர்போர்ட் போயிட்டுதாம்!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். அக்கா ஃபோன் எடுத்தா. "தம்பி, உன்ர மருமகன் லப்டொப்பைப் பழுதாக்கிப்போட்டான். கடையில காட்டினம். மதர்போர்ட் போயிட்டுதாம், புதுசு வாங்கட்டாம்." பின்னால் அத்தானின் குரல்: "விடிய விடிய கேம் விளையாடினா எரியாம என்ன செய்யும்?" மருமகனின் சத்தமே இல்லை.

அவனுக்குப் பதினேழு வயது. ஏ லெவலில் கம்பியூட்டர் சயன்ஸ் எடுத்திருக்கிறான். அந்தப் பாடத்தின் புள்ளியில் 20 சதவீதம் மாணவரே எழுதும் புராஜெக்ட்டுக்குப் போகும். ஒப்படைக்க இரண்டு கிழமை இருந்தது. கடைசியாகப் பிரதி எடுத்து வைத்தது எப்போது என்று கேட்டேன். அக்கா ஃபோனை அவனிடம் கொடுத்தா. "கிறிஸ்மஸுக்கு முதல், மாமா" என்றான்.

"டிஸ்கைக் கழட்டி வேற கம்பியூட்டரில போட்டா வராதோ?" என்று அத்தான் கேட்டார். பத்து வருடத்துக்கு முன் என்றால் வந்திருக்கும். இப்போது பெரும்பாலான விண்டோஸ் லப்டொப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் சிப் மதர்போர்ட்டில் இருக்கும். வேறு கம்பியூட்டரில் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி, லப்டொப்பை முதல் நாள் செட் பண்ணியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கும். செட் பண்ணியது அக்கா, பழைய வேலையிட ஈமெயிலில். அந்த வேலையை விட்டு மூன்று வருடம். அப்பிள் மக்புக் என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். புது மொடல்களில் டிஸ்க்கே போர்ட்டோடு ஒட்டியிருக்கும், கழற்றவே ஏலாது. ஆக, புராஜெக்ட் வேண்டுமென்றால் அந்த போர்ட்டுக்கு ஒரு தடவையாவது உயிர் வரவேண்டும்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் வந்தார்கள். லப்டொப்பைத் திறக்க முன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பற்றரி ஊதியிருந்தால் கீழ் மூடி வளைந்திருக்கும், அல்லது டச்பாட் மேலே தள்ளியிருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் வீட்டில் ஒன்றும் செய்யாதீர்கள், சார்ஜரும் போடாதீர்கள். இது ஊதவில்லை. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடித்து, திரும்பச் சார்ஜர் போட்டுப் பார்த்தோம். சில சமயம் இது மட்டுமே போதும். எங்களுக்கு உதவவில்லை. சார்ஜரை மல்ரிமீற்றரில் அளந்தோம்: 19.5 வோல்ற். அதில் பிழை இல்லை.

உங்கள் லப்டொப் யுஎஸ்பி-சி சார்ஜரில் ஓடுவது என்றால் இந்த இடத்தில் ஒரு சின்ன வித்தியாசம். அந்தச் சார்ஜர் முதலில் 5 வோல்ற்தான் கொடுக்கும். லப்டொப் கேட்டால்தான் 20 வரைக்கும் ஏறும். நடுவில் போடும் யுஎஸ்பி மீற்றர் ஒன்று அதிக விலையில்லை. அது 5-லேயே நின்றுவிட்டால் வயரோ, ஓட்டையோ, இரண்டும் சரியென்றால் போர்ட்டில் அந்தப் பேச்சைக் கவனிக்கும் சிப்போ பழுதாக இருக்கலாம்.

மூடியைத் திறந்து, முதல் வேலையாகப் பற்றரியின் பிளக்கைக் கழற்றினேன். பிறகு மீற்றரை மருமகனிடம் கொடுத்தேன். அத்தான் முகம் சுளித்தார். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மதர்போர்ட்டில் கரண்ட் ஒரே அடியாக எல்லா இடமும் ஓடாது. சார்ஜர் ஓட்டையால் வந்து, மொஸ்ஃபெற் என்ற இரண்டு வாசற்கதவைத் தாண்டி, ஒரு பிரதான பாதைக்குள் விழும். அந்தப் பாதையிலிருந்து 3.3 வோல்ற், 5 வோல்ற் இரண்டும் முதலில் எழும்பும். அவை வந்தபிறகுதான் பவர் பட்டனைக் கவனிக்கிற சின்னச் சிப் முழிக்கும். பட்டனை அமத்தினால் அந்தச் சிப் மெமரிக்கும் சிபியுவுக்கும் ஒவ்வொன்றாகக் கரண்டைத் திறக்கச் சொல்லும். முன்னது வராவிட்டால் பின்னது வராது. அதனால்தான் "ஒண்டுமே வேலை செய்யேல்லை" என்கிற லப்டொப்பில் பல தடவை பழுது ஒரே ஒரு இடத்தில் இருக்கும். முன்னுக்கிருந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டு போனால் எந்தக் கதவடியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அவன் கறுப்பு முனையை ஸ்க்ரூ ஓட்டையில் வைத்து, சிவப்பு முனையால் தேடினான். முதல் கதவுக்கு முன்: 19.5. பின்: பூச்சியம். "கதவு பழுதா மாமா?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் கதவுக்கு அப்பால் ஷோர்ட் இருந்தால் நல்ல கதவும் திறக்காது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பிரதான பாதைக்கும் தரைக்கும் நடுவில் மின்தடையை அளக்கச் சொன்னேன். நல்ல போர்ட்டில் அது ஆயிரக்கணக்கான ஓமில் இருக்கும். (ஓம் என்றால் இங்கே அலகு, எங்கட "ஓம்" இல்லை.) மீற்றர் 0.4 காட்டியது.

இங்கே நிறையப் பேர் ஏமாறுவார்கள். சிபியுவுக்குப் போகும் பாதையை அளந்தால் நல்ல போர்ட்டிலும் ஒரு ஓம், இரண்டு ஓம்தான் காட்டும், அதற்கும் குறையலாம். அதைப் பார்த்து "சிபியு ஷோர்ட்" என்று முடிவு கட்டினால் தப்பு. எங்களுடையது பிரதான பாதை, அங்கே 0.4 என்றால் சந்தேகமில்லை, ஷோர்ட்தான்.

அந்தப் பாதையில் அரிசிமணியிலும் சின்னதாக நிறையக் கப்பாசிற்றர்கள் இருக்கும். செராமிக் வகை. உள்ளே வெடிப்பு விழுந்தால் அவை பல தடவை ஷோர்ட்டாகிவிடும், வெளியே கருகின அடையாளம்கூட இருக்காது. எது என்று கண்ணால் சொல்ல ஏலாது. பவர் சப்ளையால் அந்தப் பாதைக்கு ஒரே ஒரு வோல்ற் கொடுத்தேன். அதற்கு மேல் போனால், சிபியு பக்கத்து மொஸ்ஃபெற் ஒன்று பழுதாக இருக்கும் பட்சத்தில், அந்த வோல்ற் நேரே சிபியுவுக்குள் ஏறி உள்ளதையும் கெடுத்துவிடும். போர்ட்டின் மேல் ஐசோப்ரொப்பைல் அல்ககோலைத் தடவினோம். ஷோர்ட்டான சாமான் சூடாகும், அதன் மேல் அல்ககோல் முதலில் காயும். நாலு தலையும் லைட்டுக்குக் கீழே. "அந்தா!" என்று முதலில் கத்தியது அத்தான்தான்.

ஹொட் எயாரால் அந்தக் கப்பாசிற்றரை எடுத்தேன். மருமகன் திரும்ப அளந்தான்: ஆயிரங்களில். பழைய போர்ட் ஒன்றிலிருந்து அதே அளவு, அதே வோல்ற் தாங்கும் ஒன்றை எடுத்து ஒட்டினோம். பற்றரி, சார்ஜர், பட்டன். காற்றாடி சுற்றியது.

அக்கா மூச்சு விட்டா. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கப்பாசிற்றரை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். "இது கேம் விளையாடினதால வாறதோ?" என்று என்னிடம் கேட்டார். நீண்ட நேரம் சூடாக ஓடினால் எல்லாச் சாமானுக்கும் வயது குறையும், அது உண்மை. ஆனால் இப்படி வெடிப்பு விழுவது போர்ட் வளைந்ததாலோ, செய்த இடத்திலேயே இருந்த குறையாலோ வரக்கூடியது. அவனுடைய பிழை என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து மகனைப் பார்த்து, "காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லையே? வா, சாப்பிடுவம்" என்றார். "இருங்கோ அப்பா, கொப்பி பண்ணி முடியட்டும்" என்றான் அவன்.

எல்லா போர்ட்டும் இப்படிக் கிடைக்காது. சிபியுவே ஷோர்ட் என்றாலும், பால்தேத்தண்ணி கொட்டி நாலு மாதம் அரித்துக் கிடந்தாலும் நானும் கையை விரிப்பேன். (கொட்டினால் அரிசிக்குள் வைக்காதீர்கள். உடனே ஓஃப் பண்ணி, சார்ஜரைக் கழற்றி, திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அரிசி சீனியை உறிஞ்சாது.) ஆனால் "போர்ட் போயிட்டுது" என்று கடையில் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிரதான பாதையில் ஷோர்ட் இருக்கிறதா? 3.3-உம் 5-உம் வருகிறதா? அளந்தவர் உடனே பதில் சொல்லுவார். அளக்காதவர் புது லப்டொப்பின் விலையைச் சொல்லுவார். சில கடைகள் பகுதி மாற்றுவதோடு சரி, போர்ட்டில் கை வைக்க மாட்டார்கள். அது குற்றமில்லை, அதைச் சொன்னால் போதும். அப்போது போர்ட் மட்டத்தில் திருத்துகிற இடத்தைத் தேடலாம். 2009-இல் அம்ஸ்ரர்டாமில் தொடங்கிய ரிப்பெயர் கஃபே இப்போது பல நாடுகளில் நடக்கிறது. எல்லா இடத்திலும் இந்த வேலைக்கு ஆள் இருக்காது, ஆனால் சார்ஜரையும் ஓட்டையையும் அளந்து பார்க்க ஆள் இருக்கும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கொப்பி முடிந்ததும், லப்டொப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த மீட்புச் சாவியை எடுத்து, அக்காவின் இப்போதைய கணக்கிலும் சேமித்து, ஒரு தாளிலும் அச்சடித்தோம். தாள் பாஸ்போர்ட்டுகள் இருக்கிற ஃபைலுக்குள் போனது. உங்கள் வீட்டு லப்டொப்பை எந்த ஈமெயிலில் செட் பண்ணினீர்கள் என்று இண்டைக்கு இரவே ஒருக்கா பாருங்கோ.