கருவி வழியே கண்டாலும் காட்சிதான்

இரவில் பார்க்க உதவும் கருவியைத் தொலைநோக்கியில் பொருத்தி வானத்தைக் காண்பது ஏமாற்று வேலை என்பர் சிலர். நாங்கள் அதை ஏற்கவில்லை.

இக்கருவிக்குள் நுழையும் மங்கிய ஒளி எலெக்ட்ரான்களை எழுப்புகிறது. அவை மயிரிழையினும் நுண்ணிய கண்ணாடித் துளைகளில் ஆயிரக்கணக்காய்ப் பெருகி, சிறு திரையொன்றில் மோதி ஒளிர்கின்றன. நாம் காண்பது திரையின் ஒளியே, விண்மீனின் ஒளியன்று. மெய்தான். ஆனால் ஓரியன் மண்டலத்துக் குதிரைத்தலை நெபுலாவை முதலில் கண்டறிந்தது எப்படி? 1888-இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த புகைப்படத் தகட்டில் அதைக் கண்டு குறித்தவர் வில்லியமினா பிளெமிங் அம்மையார். வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து வானியலுக்கு வந்தவர் அவர்! அவர் கண்டதும் தகட்டில்தானே? (மூக்குக் கண்ணாடி அணிந்த எங்கள் தோழியர் பார்ப்பதும் ஏமாற்றோ?)

ஹைட்ரஜனின் செந்நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியையும் சேர்த்தால், தெருவிளக்குகள் எரியும் நகரத்து மொட்டைமாடியிலிருந்தே அந்தக் குதிரைத்தலையைக் காணலாம். நகரில் வாழும் மாணவியர்க்கு இது சிறு காரியமா?

எங்கள் குறையெல்லாம் விலையைப் பற்றியதே. இந்த ஒரு கருவியின் விலைக்குப் பல தொலைநோக்கிகள் வாங்கிவிடலாம். இராணுவத்துக்கும் பயன்படுவதால் அமெரிக்கா போன்ற நாடுகள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் விதித்துள்ளன. நிலவுக்கும் சனியின் வளையங்களுக்கும் இது வேண்டியதே இல்லை. ஆகவே பள்ளிகள் முதலில் ஒரு சாதாரணத் தொலைநோக்கியை வாங்கட்டும். குதிரைத்தலைக்குக் கல்லூரிகள் வழி செய்யட்டும்.