இரண்டாவது குரல்



கொழுந்து மடுவத்தில் தராசு ஒன்றைக் காட்டுகிறது, சிட்டையில் வேறொன்று விழுகிறது. தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். மழையில் நனைந்த கொழுந்துக்கு ஒரு கழிவு இருக்கலாம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாசி வெயிலில் இலை காய்ந்து கிடக்கும்போதும் அதே 2 கிலோ கழிகிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு நிறுவைக்கு 2 கிலோ என்றால் மூன்று நிறுவைக்கு 6 கிலோ. மாதம் 20 நாள் வேலைக்குப் போனவருக்கு 120 கிலோ. அந்தக் கொழுந்து காற்றோடு போகவில்லை, தொழிற்சாலைக்குத்தான் போகிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தால் 25 கிலோவுக்கு மேல் தேயிலைத்தூள். ஒரு பெண்ணிடமிருந்து, ஒரு மாதத்தில்.

இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. இந்த முறை நாம் கேட்க வந்தது வேறு. வரிசையில் நிற்கிற முப்பது பேருக்கும் இது தெரிந்திருக்க, முப்பது பேரும் ஏன் ஒன்றும் பேசாமல் வெறுஞ்சாக்கை மடித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போகிறோம்?

பயம் என்பீர்கள். உண்மைதான், பயப்படக் காரணமும் இருக்கிறது. குடியிருக்கிற காம்பரா தோட்டத்துடையது. எதிர்த்துக் கேட்டவளுக்கு மறுநாள் பெரட்டில் கொழுந்தில்லாத தூர மலையாகப் பார்த்துக் கிடைக்கும், கிலோ குறைந்தால் அரைப் பேர். இதையெல்லாம் மறந்துவிட்டு மேடையில் நின்று "துணிந்து பேசுங்கள்" என்று முழங்குவது சுலபம். ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால், மடுவத்தில் பேசாதவர்கள் பீலிக்கரையிலாவது தங்களுக்குள் இதைப் பேசியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை.

சங்க வேலையாக ஒரு டிவிஷனில் காம்பரா காம்பராவாகப் போய் நிறுவையைப் பற்றிக் கேட்டோம். கூட்டம் போடவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. முதல் வீட்டு அக்கா சொன்னார்: "எனக்கு மட்டுந்தான் டீச்சர் இப்படிக் கழிக்கிறாங்க. கணக்கப்புள்ளைக்கு எம்மேல ஒரு கோவம். மத்தவங்களுக்குச் சரியா போடுறாங்க, அதான் அவங்க வாயத் தொறக்கல." அடுத்த காம்பராவுக்குப் போனோம். அங்கேயும் அதே பேச்சு. கணக்கப்பிள்ளையின் கோபத்துக்கு மட்டும் வேறு காரணம் சொன்னார்கள். மூன்றாவது வீட்டிலும் "எனக்கு மட்டுந்தான்." லயத்துச் சுவர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும், ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இந்த ஒரு விஷயம் மட்டும் அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

அடுத்தவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து, அவளுக்குக் குறையில்லை என்று நினைக்கிறோம். நாம் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவளும் நம்மைப் பற்றி அப்படியே நினைக்கிறாள். வகுப்பறையில் இதை வாரா வாரம் பார்க்கலாம். பின்னக் கணக்கைச் செய்துகாட்டிவிட்டு "விளங்குதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "விளங்குது டீச்சர்!" என்கிறார்கள். கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, நான்தான் மொக்கு என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள்தானே என்று சிரிக்கலாம். பெரியவர்களும் அப்படித்தான்.

1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் அளவு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாரும் தவறுவதில்லை. ஆஷ் ஒரு மாணவனை ஏழெட்டுப் பேரோடு உட்கார வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் அவர் முன்கூட்டியே பழக்கி வைத்தவர்கள், வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். தன் முறை வந்தபோது, கண்ணெதிரே தெரிந்த கோட்டை விட்டுவிட்டு அவர்கள் சொன்னதையே சொன்னவர்கள் ஏராளம். நாலு பேரில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படிச் செய்தார்கள். பிறகு விசாரித்தபோது, தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்ததாகச் சிலர் சொன்னார்கள். அந்த மாணவர்களுக்கு அதில் இழக்க ஒன்றுமே இல்லை; காம்பராவும் போகாது, அரைப் பேரும் விழாது. அப்படியிருந்தும் இந்த நிலை என்றால், மடுவத்தில் வாய் மூடி நிற்கிற நம் பெண்களைக் கோழைகள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் உண்மையான பதிலைச் சொல்ல வைத்தார். பெரும்பான்மைக்குப் பின்னால் போய்ச் சொல்லும் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஏழு பேரையும் மாற்றத் தேவைப்படவில்லை, பக்கத்தில் ஒருவர் போதுமாக இருந்தது.

நமது சங்கங்கள் எப்போதும் முதலில் பேசுகிறவருக்கே மாலை போடுகின்றன. அவர் முக்கியமானவர்தான். ஆனால் ஒருத்தி மட்டும் கேட்டால் அவள் "வாய்க்காரி", அவளை ஒதுக்கிவிடலாம். "எனக்கும் அப்படித்தாங்க கழிஞ்சிருக்கு" என்று இரண்டாவது ஆள் சொல்லும்போதுதான் அது ஒரு கோரிக்கையாகிறது. அந்த இரண்டாவது ஆளை நாம் தேடுவதும் இல்லை, பழக்குவதும் இல்லை. கிளைக் கூட்டங்களில் இன்றும் ஆண்களே முன்வரிசை; கொழுந்தெடுக்கிறவர்கள் பின்னால் நின்று தலையாட்டுகிறார்கள். தலைவர் முன்மொழிகிறார், கை தூக்குகிறோம், கூட்டம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பரிசோதனையில் நம் தலைவர்கள் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. கூட நின்றவர் பாதியில் எழுந்து வெளியே போனபோது, மாணவனின் துணிவு கொஞ்சம் குறைந்தது, ஆனால் முற்றாகப் போய்விடவில்லை. கூட நின்றவரே பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டபோது, பழைய தவறு அப்படியே திரும்பி வந்தது. நம் தோட்டங்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். துணிந்து பேசிய ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால், அவர் பேசியதைச் சொல்லிச் சொல்லியே ஆட்கள் கொஞ்சக் காலம் தெம்பாக இருக்கிறார்கள். நேற்றுவரை கத்திய தலைவர் இன்று பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து "தொர சொல்றதும் நியாயந்தானே" என்றால், அந்த டிவிஷனில் அடுத்த கேள்வி கேட்க எத்தனை வருடம் ஆகிறது?

1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடினார். ஐயரின் பேச்சுக்கு அது வெறும் அலங்காரம் என்று நாம் நினைக்கவில்லை. தன் மனதில் மட்டும் கிடந்த குறையை ஒரு பெண் சத்தமாகப் பாட, அதைக் கேட்டுச் சனம் தலையசைக்கிறது. பக்கத்தில் இருப்பவளும் அசைப்பதை ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள்.

ஆகவே கிளைகள் இந்த மாதம் செய்ய வேண்டியது பெரிய போராட்டம் அல்ல. நிறுவைக்குப் போகுமுன் இருவர் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மரியாதையாக, "எவ்வளவு கழிச்சீங்க ஐயா, எதுக்குன்னு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். சத்தம் வேண்டாம், சண்டை வேண்டாம். உடனே அடுத்தவர், "எனக்கும் சொல்லுங்க ஐயா" என்று கேட்க வேண்டும். ஒரே ஆள் தினமும் முதலில் கேட்கக் கூடாது, மாறி மாறிக் கேளுங்கள். சங்கத்தில் இருப்பதற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதைக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. தூர மலைக்கு அனுப்புவது போன்ற சில்லறைப் பழிவாங்கல் நடந்தால் அன்றே கிளைத் தலைவியிடம் சொல்லுங்கள்.

ஒரு கொப்பியில் திகதி, மலை இலக்கம், தராசு காட்டியது, சிட்டையில் போட்டது ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். சம்பளத்துக்கு முன் எல்லாக் கொப்பிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். முறைப்பாடு எல்லோருடைய பெயரோடும் எழுத்தில் போகும். எழுதச் சிரமப்படுகிறவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்தக் கழித்தல் கணக்கு நன்றாகவே வரும்.