பதக்கம் நீங்கியது, பாடம் எங்கே?

பாடல் காணொளியில் ஒரு காட்சி கண்முன் நிற்பது ஓரிரு நொடிகளே. அதற்குள் உடை, நகை, நிறம், சமயச் சின்னம் என எத்தனையோ குறியீடுகள் வந்து மறைகின்றன. அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

அந்த வேகத்தை நிறுத்திக் காட்டிய கலைப்படைப்பு ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 2003இல் மறைந்தார். அவர் பாடிய ‘எய்ன்ட் நோ கிரேவ்’ பாடலுக்காக இயக்குநர் கிறிஸ் மில்க் 2010இல் ‘ஜானி கேஷ் புராஜெக்ட்’ என்னும் இணையவழிப் படைப்பை உருவாக்கினார். பங்கேற்பவர், காணொளியின் ஒரு சட்டகத்தை எடுத்துக்கொண்டு அதன்மீது தம் கையால் வரையலாம். பலரும் வரைந்த ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே பாடலாக ஓடின. ஒரு சட்டகத்தை வரைந்து பார்த்தவருக்கு ஓர் உண்மை விளங்கிவிடும். திரையில் எதுவும் தானாக வந்து அமர்வதில்லை. ஒவ்வொன்றையும் யாரோ வைக்கிறார்கள்.

இதே உண்மையை நம் சமுதாயம் வேறு வழியில் அறிந்தது. 2014 பிப்ரவரியில் கேட்டி பெர்ரியின் ‘டார்க் ஹார்ஸ்’ காணொளி வெளியானது. எகிப்திய அரசியாகத் தோன்றும் அவர், தம்மை நாடி வரும் ஒருவரைத் துகளாக்குகிறார். அம்மனிதர் அணிந்திருந்த பதக்கத்தில் ‘அல்லாஹ்’ என்று அரபியில் எழுதப்பட்டிருந்தது. பிரிட்டனிலிருந்து எழுந்த இணைய மனுவில் 60,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். சில நாள்களிலேயே பதக்கம் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. அமைதியான முறையில் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது.

ஆயினும், பதக்கத்தோடு நம் கேள்வியும் மறைந்துவிட்டது என்பதே வருத்தம். மனிதர்கள் துகளாவதும், அவர்கள் கொண்டுவந்த செல்வம் அரசிக்கு அணிகலனாவதும் அதே காணொளியில்தான் இருக்கின்றன. அவற்றை எத்தனை பேர் கேள்விக்கு உட்படுத்தினோம்? இறைவனின் திருப்பெயருக்கு நேர்ந்த இழிவைக் கண்டுகொண்ட கண்கள், அவன் வெறுக்கும் ஆணவமும் பேராசையும் அழகாக அலங்கரிக்கப்படுவதைக் காணத் தவறலாமா?

இசை கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்த முடிவை ஏற்றாலும், இக்காட்சிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. தடை விதித்த பெற்றோர், பிள்ளை தனித்திருக்கும் நேரமெல்லாம் அருகில் இருக்க இயலாது. ஆகவே காட்சியை நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்க அவர்களைப் பழக்குவோம். இதில் என்ன இருக்கிறது? இதை ஏன் வைத்தார்கள்? இது என்னை எதை விரும்பச் செய்கிறது?

பார்வைக்கும் மறுமையில் கணக்கு உண்டு என்று நம்புகிறோம். அப்படியானால், பார்க்கும் முறையைக் கற்பிப்பதும் நம் கடமையே.