கையெழுத்து தளரும் முன்

வங்கியைப் பொறுத்தவரை ஒருவரின் சம்மதத்துக்குச் சான்று அவருடைய கையெழுத்து. அக்கையெழுத்தையே பறித்துவிடும் நோய் ஒன்று உண்டு. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் படிப்படியாகச் சிதைவதால் வரும் அந்நோயை மருத்துவர்கள் ஏ.எல்.எஸ். என்பர். அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. பலருக்கு முதலில் சட்டைப் பொத்தான் போடுவதும் பேனா பிடிப்பதும் கடினமாகின்றன. பின்னர் நடை, பேச்சு, விழுங்குதல், மூச்சு என ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஆனால் பெரும்பாலோர்க்குச் சிந்தனை தெளிவாகவே இருக்கிறது.

1963-இல், தமது 21-ஆம் வயதில் இந்நோய்க்கு ஆளான ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தார். அவர் அரிய விதிவிலக்கு. பெரும்பாலோர்க்குக் கிடைப்பவை சில ஆண்டுகளே. ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒத்திப்போடலாகாது.

நியமனதாரர் பெயரைப் பதிந்துவிட்டாலே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்குதாரர் உயிரோடிருக்கும்வரை நியமனதாரர் என்ற முறையில் எவரும் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. நம்பிக்கைக்குரியவரைச் சேர்த்து, இருவரில் ஒருவரே இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக மாற்றலாம். அதிகாரப் பத்திரமும் எழுதிக்கொடுக்கலாம். இந்நோயில் சிலருக்குச் சிந்தனையும் பாதிக்கப்படுவதுண்டு என்பதால், இவற்றைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கை ஓய்ந்த பின்னரும் வழி அடைந்துவிடுவதில்லை. பெருவிரல் ரேகை, கால்விரல் ரேகை, அதுவும் இயலாதபோது ஏதேனும் ஓர் அடையாளக் குறி ஆகியவற்றை, பொறுப்புள்ள வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகளின் முன்னிலையில் ஏற்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. மருத்துவச் சான்றுடைய நெடுநாள் நோயாளிகளுக்கு இல்லத்திலேயே அடிப்படைச் சேவைகளை வழங்க வேண்டும் என்றும் அவ்வங்கி 2017-இல் அறிவுறுத்தியது. விதிகள் உள்ளன. அவற்றை வாடிக்கையாளரே தேடிக் கண்டறிந்து கேட்க வேண்டியிருப்பதுதான் குறை. வங்கி அலுவலராகிய நாங்களே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கூட்டுக் கணக்கு இருக்கையில் நோயாளியிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று சிலர் வினவலாம். பணம் அவர் உழைத்துச் சேர்த்தது. தமது நிதியைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் உறுதிசெய்கிறது. கண்ணசைவால் 'ஆம்', 'இல்லை' என்று சொல்ல முடிகிறவரிடம் கேட்டே செலவிடுவது முறை.

பராமரிப்பவருக்கும் அதுவே பாதுகாப்பு. உணவூட்டுவதும் இரவெல்லாம் புரட்டிப் படுக்கவைப்பதும் போதாதென்று, 'பணம் எங்கே போயிற்று?' என்ற உறவினர் கேள்விக்கும் அவரே விடை சொல்ல நேர்கிறது. கணவரின் சம்மதத்தோடு எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கு மனைவியை அப்பழியிலிருந்து காக்கும்.

இல்லத்தில் எவருக்கேனும் இந்நோய் உறுதியாகியிருப்பின், அவர் கை இன்னும் எழுதும் நிலையிலேயே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். வர இயலாதெனில் வீட்டுக்கு வருமாறு தயங்காமல் கேளுங்கள்.