நோவில்லா எச்சரிக்கை

ஒருநாள் சிறுநீரில் செந்நிறம் தென்படுகிறது. வலியில்லை, எரிச்சலுமில்லை. மறுநாள் நிறம் தெளிந்துவிடுகிறது. "உடற்சூடுதான்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, கூச்சத்தால் வீட்டாரிடமும் மறைத்துவிடுகிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இவ்வாறே முதலில் தலைகாட்டுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஐயம் எழுந்தால், மருத்துவர் சிறுநீர்ப் பாதை வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பையின் உட்சுவரைப் பார்வையிடுவார். சோதனை நம்பகமானது, நோயாளிக்கோ சங்கடமானது. கட்டியை அகற்றிய பின்னும் இந்நோய் திரும்பி வரும் இயல்புடையதாதலால், அதனைப் பலமுறை செய்ய நேரிடுகிறது. சிறுநீரைக் கொண்டே நோயை அறிய இயலுமா என்று அறிஞர்கள் தேடியது இதனாலேயே.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் பிளாக்பர்னும் அவருடைய மாணவி கேரல் கிரைடரும் 'டெலோமரேஸ்' என்னும் நொதியைக் கண்டறிந்தனர். 2009-இல் ஜாக் சோஸ்டாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உயிரணு பிளந்து பெருகுந்தோறும் அதன் குரோமோசோம்களின் நுனி தேய்கிறது. மிகவும் தேய்ந்ததும் பெருக்கம் நின்றுவிடும். தேய்ந்த நுனியை மீண்டும் வளர்ப்பது இந்நொதி. வளர்ந்தோரின் உயிரணுக்களில் பெரும்பாலானவற்றில் இது உறங்குகிறது. பெரும்பாலான புற்றணுக்களிலோ விழித்திருக்கிறது. கட்டியிலிருந்து உதிரும் அணுக்கள் சிறுநீரில் கலப்பதால், அங்கே இதன் செயலை அளந்து பார்த்தனர்.

ஆயினும் இந்தச் சாட்சி சில வேளைகளில் பிறழ்கிறது. கிருமித் தொற்றால் அழற்சி ஏற்பட்டால் வெள்ளணுக்களிலும் இந்நொதி செயற்படக்கூடும். புற்றுநோய் இல்லாதவரும் உள்ளவராய்த் தோன்றுவார். சிறுநீரில் நொதி சிதைந்துபோனால், நோயுள்ளவரும் இல்லாதவராய்த் தோன்றுவார். எனவே குழாய்ச் சோதனையின் இடத்தை இது பிடிக்கவில்லை.

ஆதலால் முதற்சாட்சி இன்றும் நம் கண்களே. சிறுநீரில் குருதி தோன்றுவதெல்லாம் புற்றுநோயன்று. கல்லாலும் தொற்றாலும் அது தோன்றலாம். எதுவென்று முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். இந்நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புகைப்பழக்கமே காரணமாதலால், புகைப்போர் இருமடங்கு விழிப்பாய் இருத்தல் நலம். ஒருமுறையே கண்டாலும், வலியின்றி மறைந்துவிட்டாலும், கூச்சத்தை விட்டு வீட்டாரிடம் சொல்வோம். தாமதமின்றி மருத்துவரை நாடுவோம். தொடக்கத்தில் கண்டறிந்தால் இந்நோயை நன்கு குணப்படுத்த இயலும்.