மரத்தின் தலையை மூடுங்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பூவரச மரம் இருந்தது. 1971இல் அப்பா வேலிக்காக ஊன்றிய போத்து, மரமாகிவிட்டது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதித்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பா காலமான பிறகும் அம்மா தினமும் சாயங்காலம் அந்த மரத்தடியில்தான் உட்காருவார்.

2006 சித்திரையில் வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட வேண்டி வந்தது. மரம் குறுக்கே நின்றது. வெட்டுவது என்று முடிவானதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த அடிமரத்துல ஒரு ஊஞ்சப் பலகை போட்டுக் குடுத்துடுப்பா. உங்கப்பா வெச்ச மரத்துல கொஞ்ச நாள் ஆடிட்டுப் போறேன்."

மரத்தை வெட்டினோம். ஏழடி நீளத்துக்கு நல்ல அடிமரம் கிடைத்தது. அது சட்டமன்றத் தேர்தல் நேரம். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்த கையோடு எனக்குத் தேர்தல் பணியும் வந்துவிட்டது. மே 8ஆம் தேதி வாக்குப்பதிவு. எல்லாம் முடியட்டும், பிறகு அறுத்துக்கொள்ளலாம் என்று கட்டையை முற்றத்து வெயிலிலேயே போட்டுவிட்டேன். "நன்றாகக் காயட்டுமே" என்ற நினைப்பு வேறு.

மூன்று வாரம் கழித்து ஊர்ப் பெரிய ஆசாரியை அழைத்து வந்தேன். அவர் கட்டையைத் தொடக்கூட இல்லை. இரண்டு முனைகளிலும் நட்சத்திரம் போட்டது போல வெடித்திருந்தது. வெடிப்பு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

"ஏன் தம்பி, வெட்டுன அன்னிக்கே தலையை மூட வேணாமா? ஒண்ணும் இல்லேன்னா சாணியையாவது அப்பியிருக்கலாமே. இத்தனை படிச்சிருக்கீங்க…"

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. அந்த மரத்தில் தேறியது இரண்டு முக்காலியும் ஒரு மணையும்தான். அம்மா அந்த மணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். ஊஞ்சலைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "இப்ப வர்ற மரமே சரியில்ல, எல்லாம் வெடிக்குது" என்கிறார்கள். மரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. மரத்தில் மாற்றம் இல்லை. வெட்டிய அன்றைக்கு நாம் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

பச்சை மரத்துக்குள் ஏராளமான தண்ணீர் இருக்கிறது. அது வேரிலிருந்து உச்சிக்கு ஏறிய நுண்ணிய குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே அறுத்தவுடன் அத்தனை குழாய்களின் வாயும் திறந்துகொள்கிறது. பக்கவாட்டில் காய்வதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் வெட்டுமுகம் காய்கிறது. காய்ந்த இடம் சுருங்கப் பார்க்கும். ஒரு சாண் உள்ளே இருக்கும் மரமோ இன்னும் ஈரமாக, சுருங்காமல் நிற்கும். இந்த இழுபறியில் முனை பிளக்கிறது. முனையை மூடிவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் மெதுவாக வெளியேறும், மரமும் முழுவதுமாக ஒரே சீராகக் காயும்.

இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது மெழுகு. இதுதான் எனக்குத் தெரிந்து சிறந்தது. எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், விளையாட்டல்ல. நன்றாகச் சூடாக இருக்கும்போதே வெட்டுமுகத்தில் தூரிகையால் தடவ வேண்டும். ஆறிய மெழுகு மரத்தைப் பிடிக்காது, ஏடாக உரிந்து விழும். சின்னக் கட்டையாக இருந்தால் முனையை உருகிய மெழுகிலேயே முக்கி எடுத்துவிடலாம்.

இரண்டாவது பெவிகால் போன்ற வெள்ளைப் பசை. தண்ணீர் கலக்காமல் கெட்டியாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அடுப்பு வேண்டாம், ஆபத்தில்லை. வெட்டிய இடத்திலேயே பூசிவிடலாம் என்பது இதில் பெரிய வசதி.

மூன்றாவது, வீட்டுக்கு வண்ணம் அடித்து மிஞ்சிய பெயிண்ட். ஈர மரத்தில் இது மெழுகு அளவுக்கு ஒட்டாது. ஆனாலும் இரண்டு மூன்று தடவை கெட்டியாக அடித்தால், சும்மா விடுவதைவிட எவ்வளவோ மேல்.

நான்காவது ஆசாரி சொன்ன சாணி. களிமண்ணும் சாணியும் சம அளவு பிசைந்து, விரற்கடை கனத்துக்கு அப்ப வேண்டும். செலவே இல்லை. ஆனால் காய்ந்தால் வெடித்து உதிரும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். "பழங்காலத்து முறைதான் சிறந்தது" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், மெழுகு கைவசம் இருக்கும்போது சாணி இரண்டாம் பட்சம்தான். தாரும் பூசுவார்கள். நன்றாகவே மூடும், ஆனால் உளிக்கும் கைக்கும் கறை, பிறகு பாலிஷ் பிடிக்காது.

எதைப் பூசினாலும் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. வெட்டிய அன்றே பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி வெடித்த பிறகு பூசிப் பயனில்லை. அடுத்து, முனைகளை மட்டும்தான் மூட வேண்டும். உடம்பு முழுக்க மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். கடைசியாக, பருமனான உருட்டுக் கட்டையை முழுசாகவே வைத்திருந்தால் முனையை மூடினாலும் ஒரு பக்கம் பிளக்கத்தான் செய்யும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நடுவோடு இரண்டாகப் பிளந்து, நிழலில், தரையில் படாமல் சக்கைக் கட்டை கொடுத்து அடுக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு ஊஞ்சல் பலகைக்காகவா என்று கேட்கலாம். இல்லை. நம் ஊரின் பெயரே மரத்தில்தான் இருக்கிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து நாம் தனி மாவட்டம் ஆனோம். 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கருப்பூர் கலம்காரிக்குக் கிடைத்த அதே சமயத்தில். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் வாகையிலும் மற்ற மரங்களிலும் சாமி சிலை செதுக்கி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஒரு சிலைக்கு மாதக்கணக்கில் உழைப்பு. அது வாங்கியவர் வீட்டு ஏசி அறைக்குப் போய், மூன்றாம் மாதம் பிள்ளையாரின் நெற்றியில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்? மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்கலாம். அடைத்தது தெரிந்துவிடும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். குறியீடு பெயரைக் காப்பாற்றும், மரத்தைக் காப்பாற்றாது.

சூளையில் வைத்துப் பதப்படுத்தினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் வெட்டி, சாலையோரம் பத்து நாள் வெயிலில் கிடந்து, சா மில்லுக்கு வந்து, அங்கேயும் ஒரு மாதம் கிடந்த கட்டை, சூளைக்குப் போகும் முன்பே பிளந்திருக்கும். பிளந்ததை எந்தச் சூளையும் ஒட்ட வைக்காது. சிற்பியின் கைக்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே இந்த வேலை மரம் வெட்டுபவரிடம்தான் தொடங்க வேண்டும். ரம்பத்தோடு ஒரு டப்பா பசையையும் அவர் எடுத்துப் போக வேண்டும். மரம் வாங்குகிறவர்கள் "தலை மூடிய கட்டைக்கு இவ்வளவு கூடத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரே வருடத்தில் பழக்கம் மாறிவிடும். அரசாங்கம் பயிற்சி முகாம் நடத்தினால் உளி பிடிப்பதோடு இதையும் ஒரு பாடமாக வைக்கட்டும். அரைமணி நேரம் போதும்.

கடைசியாக ஒரு வில்லின் கதை. போன கோடை விடுமுறைக்கு வந்த பேரன், வில்வித்தை வகுப்புக்குப் போகிறானாம், "தாத்தா, நாமே மரத்துல ஒரு வில் செய்யலாமா?" என்றான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எனக்கு ஒரு பழைய மாணவர் இருக்கிறார். அவர் தம் பட்டா நிலத்தில் நின்ற சடச்சி மரத்திலிருந்து இரண்டு கம்புகள் வெட்டிக் கொடுத்தார். வளைந்து கொடுக்கும் மரம் அது, காவடித் தண்டுக்குப் பேர் போனது. வில்லுக்கான கம்பில் முனை வெடிப்பு இருந்தால் நாணை இழுக்கும்போது அந்த இடத்திலேயே பிளந்துகொள்ளும். அதனால் வெளிநாடுகளில் மர வில் செய்பவர்களும் கம்பை வெட்டியதும் முதல் வேலையாக முனையில் மெழுகோ பசையோ பூசிவிடுகிறார்கள். நம் ஆசாரி சொன்னதுதான்.

அன்று மலையிறங்கும் முன்பே, வண்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு முனைகளிலும் பசை பூசினேன். வீட்டுக்கு வந்து மேலே மெழுகும் தடவினேன். பேரன் பொறுமையிழந்து, "எப்ப தாத்தா செய்வோம்?" என்றான். "அடுத்த லீவுக்கு வா" என்றேன். மாதம் ஒரு முறை பரணிலிருந்து இறக்கிப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். நாலு முனைகளிலும் ஒரு கீறல் இல்லை.

அம்மாவின் மணை அதே பரணுக்குக் கீழேதான் இருக்கிறது.