புத்தக விலையும் கல்லா விலையும்



நமது மொத்தக் கடையில் 64,000 ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு சில்லறை வியாபாரி, சென்ற ஆண்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பெட்டி நிறையப் பழைய நாணயங்கள். கூடவே ஒரு விலைப் புத்தகம். பக்கம் பக்கமாகப் புரட்டி ஒவ்வொரு நாணயத்துக்கும் விலையைக் காட்டினார். கூட்டிப் பார்த்தால் 72,000 வந்தது. இருபது ஆண்டு வாடிக்கை; கடையோ நொடித்துப்போன நிலை. அச்சடித்த புத்தகம் பொய் சொல்லுமா என்று எண்ணி, பெட்டியை வாங்கிக்கொண்டு பேரேட்டில் அவர் கணக்கை நேர் செய்துவிட்டோம்.

பிறகு சென்னையில் மூன்று நாணய வியாபாரிகளிடம் கொண்டுபோனோம். ஒருவர் 17,000 என்றார். இன்னொருவர் 21,000 என்றார். மூன்றாமவர், "வெள்ளிக் காசை எடைபோட்டு எடுத்துக்கொள்கிறேன், மற்றவை வேண்டாம்" என்று பெட்டியை நம் பக்கம் தள்ளினார்.

பாக்கிக்காரர் நம்மை ஏமாற்றவில்லை. அவரும் அதே புத்தகத்தை நம்பித்தான் பாதிக் காசுகளை வாங்கியிருந்தார். ஆகவே எழுதிய கணக்கை நாம் மாற்றவில்லை, நஷ்டம் நம்முடையதாயிற்று. ஆனால் விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நம் உறுப்பினர்கள் சிலர் இப்போது கடை முதலை எடுத்து நாணயத்தில் போடுவதாகக் கேள்விப்படுவதால் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் நாணய வியாபாரி விற்கும் விலை. நாம் விற்கப் போனால் அவர் கொள்முதல் விலைதான் தருவார். அவருக்கும் வாடகை, வட்டி, லாபம் உண்டு. பருப்பு மூட்டையில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் நின்றால் போதும் என்கிறோம் நாம். எப்போது விற்கும் என்று தெரியாத சரக்குக்கு அவர் பாதி விலை கேட்பதில் வியப்பில்லை.

இரண்டாவது, தரம். ஒரே ஆண்டு, ஒரே காசு. தேயாமல் இருந்தால் ஒரு விலை, முகம் தேய்ந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு விலை. நம் பெட்டியிலிருந்த காசுகளை, நமக்குக் கொடுப்பதற்காகப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கியிருந்தார்கள். சேகரிப்பவர்கள் விளக்கிய காசைத் தொடுவதில்லையாம். நாம் விற்ற புளியே நமக்கு வினையாக முடிந்தது!

மூன்றாவது, காலம். அமெரிக்காவில் 1946 முதல் வெளிவரும் புகழ்பெற்ற 'சிவப்புப் புத்தகம்' ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. அட்டையில் அடுத்த ஆண்டைப் போடுவார்கள். உள்ளே இருப்பதோ சில மாதங்களுக்கு முன் திரட்டிய விலை. காலை விலை மாலையில் நிற்காத சந்தையில் இருப்பவர்கள் நாம். ஆண்டு விலையை வைத்து வியாபாரம் செய்ய முடியுமா?

திடீர் ஏற்ற இறக்கத்துக்கு அந்த நாட்டுக் கதை ஒன்றே போதும். 1950-ல் டென்வர் நாணயச் சாலையில் ஐந்து சென்ட் காசு 26,30,030 மட்டுமே அடித்தார்கள். அந்த வரிசையிலேயே குறைந்த எண்ணிக்கை இதுதான் என்று செய்தி பரவியது. ஆளாளுக்கு வாங்கி அடுக்கினார்கள். 40 காசு கொண்ட ஒரு காகிதச் சுருளின் முகமதிப்பு 2 டாலர். 1964-ல் அதன் விலை சுமார் 1,200 டாலருக்கு ஏறியது. பிறகு? எல்லோரும் பெட்டியில் புதிதாகவே பத்திரப்படுத்தியிருந்ததால், நல்ல தரத்தில் அந்தக் காசுக்குப் பஞ்சமே இல்லை என்பது வெளியாயிற்று. விற்க எல்லோரும் வந்தார்கள், வாங்க ஆளில்லை. விலை சரிந்தது.

2010-ல் ஈரோட்டு மஞ்சள் ஏறிய ஏற்றமும், அடுத்த இரண்டு ஆண்டில் விழுந்த விழுக்காடும் நமக்கு மறக்காது. ஆனாலும் மஞ்சளைச் சமைத்துத் தீர்ப்பார்கள். இருப்பு கரையும், விலை ஒரு நாள் எழும்பும். காசை யாரும் தின்று தீர்ப்பதில்லை. பதுக்கிய அத்தனையும் ஒரு நாள் திரும்பி வரும்.

காசு குறைவது உருக்கும்போதுதான். 1980 ஜனவரியில் ஹண்ட் சகோதரர்களின் பதுக்கலால் வெள்ளி, அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, மூட்டை மூட்டையாக வெள்ளிக் காசுகள் உலைக்குப் போயின. மார்ச் 27-ல் வெள்ளி 11 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. எத்தனை காசு அடித்தார்கள் என்று புத்தகம் சொல்லும். எத்தனை மிச்சம் என்று சொல்லாது.

நம் நாட்டில் புத்தகத்தைவிட வதந்தி பெரிது. 2012 வைஷ்ணவ தேவி நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை என்கிறார்கள். அது நம் கல்லாவிலேயே வந்து போன காசு. நட்சத்திரக் குறி போட்ட காசு அபூர்வம் என்கிறார்கள். அது ஹைதராபாத் நாணயச் சாலையின் அடையாளம், அவ்வளவே. பழைய காசை வாங்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் பறிப்பதைப் பற்றி, அந்த வங்கியே 2021 ஆகஸ்டு 4-ல் எச்சரித்தது. தாங்கள் இதில் ஈடுபடுவதே இல்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாணயம் சேகரிப்பது நல்ல பொழுதுபோக்கு. வரலாறு தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்குக் கைச்செலவுப் பணம் போதும். சரக்கு வாங்கும் முதலைத் தொடவேண்டாம். பாக்கிக்கு நாணயம் வந்தால், புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வியாபாரிகளிடம் 'நீங்கள் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?' என்று கேட்டபின் வரவு வையுங்கள்.

இன்னொன்று. வயதானவர்கள் முடிச்சவிழ்த்து வெள்ளி ரூபாயை நம் கடையில் நீட்டுவதுண்டு. ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆறாம் ஜார்ஜின் 1940-45 ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல். அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, உள்ளதைச் சொல்லி அனுப்புங்கள். லட்சம் என்று ஆசை காட்டவும் வேண்டாம், பத்து ரூபாய் என்று தட்டிப் பறிக்கவும் வேண்டாம். வணிகனுக்கு நாணயம் என்ற சொல்லில் இரண்டு பொருளும் உண்டு.

அடுத்த செயற்குழுவில் இதைப் பற்றிப் பேசி, உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பவேண்டும் என்பது நமது வேண்டுகோள். தகரப் பெட்டி இன்னும் நம் கடையில்தான் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் வரலாம்.